காய்ச்சல் எத்தனையாவது நாள்? எலிக்காய்ச்சலுக்கு எந்தப் பரிசோதனையை எப்போது நம்புவது

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தாலுகா மருத்துவமனைக்கு வரும் காய்ச்சல்களைப் பிரித்தறிவது எளிதல்ல. டெங்கு இருக்கும், சிற்றுண்ணிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் இருக்கும், டைபாய்டு இருக்கும், தானாகச் சரியாகிப் போகும் வைரஸ் காய்ச்சலும் இருக்கும். இவற்றுக்கு நடுவில் எலிக்காய்ச்சலும் வரும். முதல் மூன்று நான்கு நாட்களில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் வலி. எலிக்காய்ச்சல் பெரும்பாலானோருக்கு லேசாகவே வந்து போய்விடும். சிலருக்கு மட்டும் ஒரு வாரத்துக்குள் சிறுநீரகம் பழுதாகி, கண் மஞ்சளாகி, நுரையீரலுக்குள் ரத்தம் கசிந்து உயிரே போய்விடும். அந்தச் சிலர் யார் என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது.

இந்த மருத்துவமனையில் ஒன்றிரண்டு லேப் டெக்னீஷியன்கள், ஒரு மைக்ரோஸ்கோப், ரத்த அணுக்களை எண்ணும் ஒரு கருவி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்கும் வசதி, ஒரு ஃப்ரிட்ஜ் ஆகியவை இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எலிக்காய்ச்சலுக்கு அவர்கள் எதை நம்புவது? இருபது நிமிடத்துக்குள் முடிவு தரும் ரேபிட் கார்டையா, மாவட்ட ஆய்வகத்தின் எலைசாவையா, தொலைவில் செய்யும் பிசிஆரையா? அல்லது பரிசோதனைக்கே காத்திராமல் மாத்திரையைத் தொடங்கிவிடுவதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டு வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். ஆனால் காய்ச்சலின் முதல் ஐந்தாறு நாட்களில் கார்டு நெகட்டிவ் என்று காட்டினால், அதை வைத்து மருந்தை நிறுத்தும் உரிமையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அந்த விதி இல்லாத மருத்துவமனையில் கார்டு இருப்பதைவிட இல்லாமலிருப்பதே நல்லது.

இதற்கான காரணம் நோயின் போக்கிலேயே இருக்கிறது. லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவக் கிருமி எலி, மாடு, நாய், பன்றி போன்றவற்றின் சிறுநீர் வழியாகத் தண்ணீரிலும் சேற்றிலும் கலக்கிறது. காலிலுள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடலுக்குள் நுழைகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சல் வருகிறது. காய்ச்சலின் முதல் வாரத்தில் கிருமி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி அப்போது இன்னும் உருவாகியிருக்காது. ஐந்து முதல் ஏழு நாட்களுக்குப் பிறகுதான் ஐஜிஎம் என்னும் வகை ஆன்டிபாடி அளவிடும்படி ஏறும். அந்தக் கட்டத்தில் கிருமி ரத்தத்திலிருந்து மறைந்து சிறுநீரில் வெளியேறத் தொடங்கும். ஆக, கிருமியைத் தேடும் பரிசோதனைக்கும் ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனைக்கும் ஆளுக்கொரு வாரம். தப்பான வாரத்தில் செய்தால் எவ்வளவு நல்ல பரிசோதனையும் ஏமாற்றும்.

சந்தையில் கிடைக்கும் எலிக்காய்ச்சல் கார்டுகளில் பெரும்பாலானவை ஐஜிஎம் தேடுபவை. கோவாவில் தயாராகும் லெப்டோசெக், கொரியாவின் எஸ்.டி. பயோலைன் எல்லாம் இந்த வகைதான். இங்குதான் ஒரு குழப்பம் நேர்கிறது. டெங்குவுக்கு முதல் நாளே பாசிட்டிவ் காட்டும் என்.எஸ்.1 கார்டு இருக்கிறது, அது வைரஸின் புரதத்தையே பிடிக்கிறது. மலேரியா கார்டும் ஒட்டுண்ணியின் புரதத்தைத்தான் பிடிக்கிறது. அந்தப் பழக்கத்தில் எலிக்காய்ச்சல் கார்டையும் மூன்றாம் நாள் போட்டு, கோடு வரவில்லை, ‘லெப்டோ நெகட்டிவ்’ என்று ஓ.பி. சீட்டில் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சீட்டோடு நோயாளி வேறு மருத்துவமனைக்குப் போனால் அங்கும் அதை யாரும் மறுபடி யோசிப்பதில்லை. கார்டின் தயாரிப்பில் இதற்குக் காரணம் எதுவும் இல்லை, தவறு நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. முதல் வாரத்தில் நோய் உள்ள 100 பேரில் 50 பேரைக் கார்டு பிடிக்கிறது, நோய் இல்லாத 100 பேரில் 10 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மழைக்காலத்தில் 100 காய்ச்சல்காரர்களில் 10 பேருக்கு எலிக்காய்ச்சல் இருந்தால், கார்டு அவர்களில் 5 பேரைப் பிடிக்கும், கூடவே 9 பேருக்குப் பொய்யாக பாசிட்டிவ் தரும். பாசிட்டிவ் வந்த 14 பேரில் உண்மையானவர்கள் 5 பேர் மட்டுமே. நெகட்டிவ் வந்த 86 பேரில் தப்பிப் போனவர்களும் 5 பேர்.

இப்போது வெள்ளம் வந்து நோய் பரவிவிட்டது, 100 பேரில் 40 பேருக்கு எலிக்காய்ச்சல் என்று மாற்றிப் பாருங்கள். 20 பேர் பிடிபடுவார்கள், பொய் பாசிட்டிவ் 6. நெகட்டிவ் வந்த 74 பேரில் 20 பேருக்கு நோய் இருக்கும், அதாவது நான்கு பேரில் ஒருவருக்கும் மேல். கூட்டம் அலைமோதி, எல்லோரும் கார்டையே நம்பும் நேரத்தில்தான் நெகட்டிவ் முடிவு மிக மோசமாக ஏமாற்றுகிறது. பரவல் நேரத்தில் மருந்து கொடுப்பதற்கு கார்டை நுழைவுச்சீட்டாக வைப்பது ஆபத்து என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் கார்டு எதற்கு? ஐந்தாறு நாட்கள் தாண்டி வருபவர்களுக்கு. தமிழ்நாட்டில் நிறையப் பேர் முதலில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, பிறகு பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டு, அதற்கப்புறம்தான் அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அது ஏழாம் நாளோ எட்டாம் நாளோ. அப்போது கார்டுக்கு நல்ல மதிப்பு உண்டு. கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம், பெரும்பாலான கார்டுகளை அறை வெப்பத்திலேயே வைக்கலாம், இரவு டியூட்டியிலும் ஒரே ஒரு நோயாளிக்காகவும் போடலாம். டெக்னீஷியனுக்குச் சொல்ல வேண்டியது மூன்றுதான். கார்டு வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு வராத கார்டைக் குப்பையில் போட வேண்டும். உறையில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் படிக்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் இல்லாத கோடும் தெரியும். மங்கலான கோடு வந்தால் ‘மங்கல்’ என்றே எழுத வேண்டும், கண்ணுக்குக் கண் அது மாறும்.

பாசிட்டிவ் முடிவையும் அப்படியே விழுங்க முடியாது. ஐஜிஎம் சிலரிடம் மாதக்கணக்கில், ஏன் அதற்கு மேலும் தங்கிவிடும். வருடா வருடம் சேற்றில் இறங்கி நடவு செய்பவரின் ரத்தத்தில் போன பருவத்துத் தொற்றின் சுவடு இருக்கலாம். வேறு தொற்றுகளாலும் பொய் பாசிட்டிவ் வருவதுண்டு. பாசிட்டிவ் பார்த்த உடனே டெங்குவை மறந்துவிட்டு நீர்ச்சத்தையும் தட்டணுக்களையும் கவனிக்காமல் விடுவது நடக்கக் கூடியதே.

எலைசாவும் தேடுவது அதே ஐஜிஎம்மைத்தான். இதை முதலில் மனதில் வைத்தால் பாதி விவாதம் முடிந்துவிடும். எலைசா ‘பெரிய’ பரிசோதனை என்பதால் மூன்றாம் நாளிலேயே பிடித்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆன்டிபாடி உருவாகாத ரத்தத்தில் எலைசாவும் எதையும் காணாது. அதன் நன்மை, அளவை எண்ணாகத் தருவதும் கண் பார்வையை நம்பாததும். ஆனால் ஒரு தட்டில் 96 குழிகள். கிட்டை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ரீடர் வேண்டும், வாஷர் வேண்டும், பழகிய கை வேண்டும். நாளைக்கு மூன்று மாதிரி வரும் இடத்தில் தட்டு நிரம்பக் காத்திருப்பார்கள், முடிவு வரும்போது நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது ஐ.சி.யூ.வில் இருப்பார். தாலுகா மருத்துவமனை எலைசா வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மாவட்டப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் அது இருக்கட்டும். எங்கே, எந்தக் கிராமத்தில் நோய் கூடுகிறது என்று பார்க்க அதுதான் சரியான இடம்.

முதல் வாரத்துக்கு உரியது பிசிஆர். ரத்தத்தில் கிருமியின் மரபணுவையே தேடுகிறது. நோய் உண்டாக்கும் லெப்டோஸ்பைராக்களில் மட்டும் இருக்கும் லிப்-எல்-32 என்ற மரபணுவைப் பல ஆய்வகங்கள் குறியாக வைக்கின்றன. பாசிட்டிவ் வந்தால் சந்தேகமே இல்லை. முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்னால் எடுத்த ரத்தமாக இருந்தால் நல்லது. கொரோனாவுக்குப் பிறகு பிசிஆர் கருவிகள் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டன, கருவி இருப்பதால் எலிக்காய்ச்சலுக்கான ரியேஜென்ட்டும் பழகிய ஆளும் இருப்பார்கள் என்பதில்லை. தாலுகா மருத்துவமனைக்கு இதில் வேலை ஒன்றே ஒன்று: முதல் வாரத்தில் வரும், சற்று மோசமாகத் தெரியும் நோயாளியின் ரத்தத்தை, அது உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து அன்றே அனுப்புவது. முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. தாமதமாக வரும் அந்த முடிவு அடுத்த நோயாளிக்கும் அடுத்த தெருவுக்கும் உதவும். ஒரே வெப்பநிலையில், பெரிய கருவியின்றி மரபணுவைப் பெருக்கும் லேம்ப் முறை இந்த இடைவெளியை நிரப்பக் கூடியது. என் ஆசையெல்லாம் அதன் மேல்தான், ஆனால் இன்றைக்கு ஒரு தாலுகா மருத்துவமனை இன்டென்ட் போட்டு வாங்கும் பொருளாக அது இல்லை.

‘தங்கத் தரம்’ என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் எம்.ஏ.டி. பரிசோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உயிருள்ள லெப்டோஸ்பைரா வகைகளை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்து, நோயாளியின் சீரத்தோடு கலந்து, மைக்ரோஸ்கோப்பில் அவை ஒட்டிக்கொள்கின்றனவா என்று பார்க்கும் முறை இது. நோய் உண்டாக்கும் வகைகளே இருநூறுக்கு மேல், அவற்றில் அந்த வட்டாரத்து வகைகள் தட்டில் இல்லையென்றால் முடிவு பொய்யாகிவிடும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு சாம்பிள் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாய்லாந்து நோயாளிகளின் தரவை வைத்து 2012-இல் வெளியான ஒரு புள்ளியியல் ஆய்வு, இந்தத் தங்கத் தரமே நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரைத்தான் பிடிக்கிறது என்றும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பத்தில் ஒருவரைத்தான் பிடிக்கிறது என்றும் கணித்தது. கார்டுகளின் திறனை எம்.ஏ.டி.யோடு ஒப்பிட்டுக் கொடுக்கும் சதவீதங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். அளவுகோலே வளைந்திருக்கும்போது அதை வைத்து அளந்த நீளத்தை அப்படியே நம்ப முடியாது.

டார்க் ஃபீல்ட் மைக்ரோஸ்கோப்பில் நேரடியாக ரத்தத்தைப் பார்த்து ‘கிருமி தெரிகிறது’ என்று சொல்லும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஒரு மில்லியில் பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். ரத்தத்திலுள்ள ஃபைப்ரின் இழைகளும் அசையும்போது லெப்டோஸ்பைரா போலவே தெரியும். இதை மட்டும் வைத்து யாருக்கும் நோய் என்றோ இல்லை என்றோ முடிவு செய்யக் கூடாது.

பரிசோதனையே இல்லாத வழி

இதை மலிவான, இரண்டாம் தர வழி என்று நினைக்கிறவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எலிக்காய்ச்சலா என்று மதிப்பெண் போட்டுக் கணிக்கும் ஃபெய்ன் முறையைச் சென்னை மருத்துவர்கள் நம் நாட்டுச் சூழலுக்கு ஏற்ப மாற்றி அமைத்தார்கள், மழையையும் எலைசா போன்ற பரிசோதனைகளையும் அதில் சேர்த்தார்கள். அறிகுறிக்கு ஒரு பகுதி, சூழலுக்கு ஒரு பகுதி, பரிசோதனைக்கு ஒரு பகுதி. முதல் இரண்டும் சேர்ந்து 26 வந்தாலோ, மூன்றும் சேர்ந்து 25 வந்தாலோ எலிக்காய்ச்சல் என்று கருதலாம்.

வயலில் வேலை செய்யும் ஒருவர் வருகிறார். காய்ச்சலுக்கு 2, தலைவலிக்கு 2, 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு இருப்பதற்கு 2, சீழ் இல்லாமல் கண் சிவந்திருப்பதற்கு 4, கெண்டைக்காலைத் தொட்டாலே வலிப்பதற்கு 4, சிறுநீரில் அல்புமின் அல்லது ரத்தத்தில் யூரியா கூடியிருப்பதற்கு 2. கூட்டினால் 16. மழைக்காலம் 5, சேற்றுத் தண்ணீரில் நின்றது 4, வீட்டில் மாடு 1. ஆக மொத்தம் 26. கார்டு இல்லை, எலைசா இல்லை, ஆனால் கோட்டைத் தாண்டிவிட்டார். இதற்கு வேண்டியதெல்லாம் ஒரு தெர்மாமீட்டர், ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, நோயாளியின் காலைத் தொட்டுப் பார்த்து நாலு கேள்வி கேட்கும் பொறுமை.

இதே முறையில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. எலைசாவுக்கோ ரேபிட் கார்டுக்கோ 15 மதிப்பெண். காய்ச்சல் 2, தலைவலி 2, மழைக்காலம் 5, வீட்டில் மாடோ நாயோ இருந்தால் 1. கார்டு பொய்யாக பாசிட்டிவ் காட்டினால்கூடக் கூட்டுத்தொகை சரியாக 25. டெங்கு நோயாளி ஒருவர் இந்த வழியில் எளிதாக எலிக்காய்ச்சல் பட்டியலில் ஏறிவிடுவார். கார்டு இல்லாத 26-ஐ, கார்டால் வந்த 25-ஐவிட நான் அதிகம் நம்புவேன்.

எல்லா இடத்திலும் கிடைக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் கூடும், அவற்றில் நியூட்ரோஃபில் வகை ஏறும். டெங்குவில் வெள்ளணுக்கள் குறையும். கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் தாறுமாறாக ஏறியிருக்க, கல்லீரல் என்சைம்கள் ஓரளவுக்கே ஏறியிருந்தால் வைரஸ் மஞ்சள் காமாலையைவிட எலிக்காய்ச்சல் பக்கம் யோசிக்க வேண்டும். கிரியேட்டினின் கூடியிருந்தும் பொட்டாசியம் ஏறாமல் இருப்பது இந்த நோயின் இன்னொரு அடையாளம்.

மருந்தைத் தொடங்கிவிடுவதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. லேசான நோய்க்குப் பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, ஏழு நாள். தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் ஸ்க்ரப் டைபஸையும் இதே மாத்திரை குணப்படுத்துகிறது. இரண்டையும் பிரித்தறிய முடியாமல் தவிக்கும் மருத்துவருக்கு ஒரே மாத்திரை இரண்டு நோய்க்கும் பதில். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அசித்ரோமைசினோ அமாக்ஸிசிலினோ கொடுக்கலாம். தீவிரமான நோய்க்கு பென்சிலின் அல்லது செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி, இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்வதை தாய்லாந்தில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் செஃப்ட்ரியாக்ஸோன் ஸ்க்ரப் டைபஸுக்கு உதவாது, டாக்ஸிசைக்ளினை மட்டும் நம்பி டைபாய்டை விட்டுவிடவும் முடியாது. அதனால் என்ன நோய் என்று தெரியாமல் மோசமாக இருக்கும் நோயாளிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நடைமுறை. மருந்தை எல்லோருக்கும் அள்ளி இறைப்பதில் எனக்கும் தயக்கம் உண்டு. மதிப்பெண் போட்டுக் கொடுத்தால் அந்தத் தயக்கம் பெருமளவு தீரும்.

பரிசோதனை வசதியே வேண்டாம் என்று இதிலிருந்து யாராவது முடிவுக்கு வந்தால் அந்தமானை நினைத்துப் பார்க்க வேண்டும். 1988 முதல் வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் பகுதியில் ரத்தம் கக்கி மக்கள் இறந்தார்கள். ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று ஒரு பெயர் மட்டும் இருந்தது. அது எலிக்காய்ச்சல்தான் என்று தெரிய வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தபோதும், மாதிரிகளை வெளியே அனுப்பிச் சோதித்த பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. 2008-இல் 7,000 பேருக்கு மேல் சந்தேக நோயாளிகளாகப் பதிவாகி 200 பேருக்கு மேல் இறந்த நாடு இலங்கை. அங்கும் வட பகுதி மருத்துவர்களின் மனதில் இந்த நோய் முன்னால் வந்து நிற்கவில்லை, காரணம் அது தெற்கின் ஈரப் பகுதி நோய் என்ற எண்ணம். ஒருவருக்கு மருந்து கொடுக்கப் பரிசோதனை தேவையில்லை. ஊருக்குள் என்ன நோய் சுற்றுகிறது என்று அறியப் பரிசோதனை இல்லாமல் முடியாது.

ஆகவே அந்தத் தாலுகா மருத்துவமனையின் பொறுப்பில் நான் இருந்தால், பணத்தை முதலில் டாக்ஸிசைக்ளின் தீராமல் இருப்பதற்கும் கிரியேட்டினின், ரத்த அணு எண்ணிக்கை இரண்டும் இரவிலும் கிடைப்பதற்கும் செலவழிப்பேன். மதிப்பெண் அட்டையை ஓ.பி. மேசையில் ஒட்டிவைப்பேன். அதற்கப்புறம் கார்டு. ஆய்வகப் படிவத்தில் ‘காய்ச்சல் எத்தனையாவது நாள்’ என்ற கட்டம் நிரப்பப்படாமல் வந்தால் சாம்பிளைத் திருப்பி அனுப்பச் சொல்வேன். ஐந்தாம் நாளுக்கு முன் என்றால் கார்டு போடாமல் ஈடிடிஏ ரத்தம் பிசிஆருக்குப் போகட்டும். ஆறாம் நாளிலிருந்து கார்டு. இடையில் வருபவருக்குக் கார்டு போட்டு நெகட்டிவ் வந்தால், சீட்டில் ‘நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதாமல் ‘5-ஆம் நாள் நெகட்டிவ், 10-ஆம் நாள் மறுபடி பார்க்கவும்’ என்று எழுத வேண்டும். கார்டு பாசிட்டிவ் ஆனவர்களில் சிலருடைய சீரத்தை மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி எலைசாவில் ஒத்துப் போகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வேன். புது லாட் கார்டு வந்தால் கண்டிப்பாக. இந்தியாவின் தேசிய வழிகாட்டுதலிலும் கார்டு பாசிட்டிவ் என்பது ‘இருக்கலாம்’ என்ற வகைதான், ‘உறுதி’ என்ற வகைக்கு பிசிஆர், கல்ச்சர், எம்.ஏ.டி.யின் நான்கு மடங்கு ஏற்றம் போன்ற கூடுதல் ஆதாரம் வேண்டும். புள்ளிவிவரம் அனுப்பும்போது இந்த வேறுபாட்டைக் கலந்துவிடக் கூடாது.

வெள்ளம் வந்துவிட்டால் இந்த வரிசையும் மாறும். 2018-இல் கேரளத்தில் செய்ததுபோலத் தண்ணீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் கொடுப்பதும், காய்ச்சலோடு வருபவருக்கு அன்றே சிகிச்சையைத் தொடங்குவதும் முன்னால் வரும். கார்டுகளை அப்போது எல்லோருக்கும் போட்டுத் தீர்க்காமல், ஆறாம் நாளைத் தாண்டியவர்களுக்காகவும் புதிய கிராமங்களிலிருந்து வருபவர்களுக்காகவும் எடுத்து வைக்கலாம்.

கார்டுகூட இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. மதிப்பெண் போட்டு மாத்திரையைத் தொடங்கி, இரண்டு நாளில் திரும்ப வரச் சொல்ல வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ, இருமும்போது ஒரு துளி ரத்தம் வந்தாலோ, எந்தக் கார்டு என்ன காட்டியிருந்தாலும் முதல் ஊசியைப் போட்டு 108-ஐ அழைத்து டயாலிசிஸும் வென்டிலேட்டரும் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். கூட அனுப்பும் சீட்டில் காய்ச்சல் தொடங்கிய தேதியையும், முதல் ஊசி போட்ட நேரத்தையும், நோயாளி என்ன வேலை செய்கிறார் என்பதையும் எழுதிவிட வேண்டும்.